புழுதி சார் கட்டிய ஓசூர் ஸ்டேஷன்

பழசைப் புதுசு என்று காட்டிப் பிழைத்தவர்கள் உலகம் பூராவும் இருக்கிறார்கள். புதுசைப் பழசாக்கி ஒரு ஊரின் பகையையே சம்பாதித்தவர் எனக்குத் தெரிந்து ஒரே ஒரு மனிதர்தான். அவர் ஓசூரில் இருந்தார். என்னோடு ஒரே அறையில் இருந்தார். நான் வெளுத்து உலர்த்தியிருந்த வேட்டியை வாசற்படியில் போட்டு நாலு மிதி மிதித்து, "இப்பத்தான் தம்பி இது வேட்டி மாதிரி இருக்குது" என்று மடித்துக் கையில் கொடுத்தார்.

பெயர் என்று ஒன்று இருந்திருக்கும். யாரும் கேட்டதில்லை. ஊருக்கு அவர் புழுதி சார். புழுதி எப்படி வந்தது என்று சொல்கிறேன். சார் வந்தது அவருடைய கோட்டினால். அந்தக் கோட்டின் நிறம் இன்னதென்று யாராலும் சத்தியம் பண்ண முடியாது. மழைக்காலத்தில் ஒரு நிறம், மாங்காய்க் காலத்தில் ஒரு நிறம், லாரிகள் வரிசையாகப் போகிற சந்தை நாளில் சாயங்காலம் ஒரு நிறம். அதை அவர் துவைத்ததில்லை. கோட்டு என்பது ஒருவன் நடந்த வழியின் கையெழுத்து, அதை எதற்குத் தண்ணீரில் அழிப்பது என்பார்.

இது ஐம்பதுகளின் கடைசி. இன்றைக்கு அந்தப் பக்கம் போகிறவர்களுக்குத் தொழிற்சாலைச் சங்கும், ஷிப்ட் முடிந்து கொட்டுகிற சைக்கிள் கூட்டமும்தான் ஓசூர். அன்றைக்கு அது பெங்களூருக்குப் போகிறவர்கள் டீ குடிக்க நிறுத்துகிற ஊர். ஒரு கடையில் தமிழில் விலை கேட்டால் கன்னடத்தில் பதில் வரும், பாக்கிச் சில்லறை தெலுங்கில் வரும். மூன்று மொழியிலும் திட்டு வாங்கும் பாக்கியம் பெற்றவர் புழுதி சார் ஒருவரே.

அவர் வேலை பார்த்தது பெங்களூர் ரோட்டில் இருந்த ஒரே போட்டோ ஸ்டுடியோவில். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு மெல்லிய தூரிகையால் வண்ணம் ஏற்றுவது அவர் தொழில். அந்தத் தொழிலின் தர்மம் என்ன? கன்னத்துக்கு ரோஜா, உதட்டுக்குச் சிவப்பு, வயசில் பத்துக் குறைவு. புழுதி சார் இதற்கு நேர் எதிர். காமிரா மறந்ததையெல்லாம் இவர் நினைவூட்டுவார். மிராசுதார் ஒருவர் பட்டு அங்கவஸ்திரத்தோடு படம் எடுத்துக்கொண்டு போனார். படம் கைக்கு வந்தபோது அங்கவஸ்திரத்தின் ஓரத்தில் நூல் பிரிந்திருந்தது, பல்லில் வெற்றிலைக் காவி இருந்தது, காலரில் வியர்வைக் கோடு ஓடியது. அவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தன் அங்கவஸ்திரத்தைத் திருப்பிப் பார்த்தார். நூல் பிரிந்துதான் இருந்தது. அதுதான் அவருக்கு அதிகக் கோபம்.

உத்தனப்பள்ளிப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் பெண்ணுக்கு வரன் பார்க்கப் படம் எடுக்க வந்தது. பெண்ணின் நெற்றியில் சின்னதாக ஒரு தழும்பு. விளக்கு வெளிச்சத்தில் அது படத்தில் விழவில்லை; பெற்றவர்கள் உள்ளூர மகிழ்ந்தார்கள். புழுதி சார் ஞாபகமாக அதைத் தூரிகையால் திரும்ப வைத்தார். வைத்தவர் இடது பக்கத்துக்குப் பதிலாக வலது பக்கம் வைத்துவிட்டார். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் படத்தையும் பெண்ணையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இது அக்காளோ தங்கையோ, படத்தில் இருக்கிற பெண்ணைக் கூப்பிடுங்கள் என்று சொல்லிக் காப்பியைத் தொடாமல் உட்கார்ந்துவிட்டார்கள். இல்லாத ஒரு பெண்ணை அவர்கள் அந்த வீடு முழுக்கத் தேடினார்கள்.

ஸ்டுடியோக்காரர் கன்னடக்காரர், சாது. வாரத்துக்கு ஒருதரம் புழுதி சாரை வேலையைவிட்டு நீக்குவார். வேறு யாருக்கும் அந்தத் தூரிகை பிடிக்க வராது என்பதால் மறுநாள் அவரே அறைக்கு வந்து, "ஹோகலி பிடி ஸ்வாமி, போனது போகட்டும்" என்று கூட்டிக்கொண்டு போவார்.

எங்கள் அறை லாரி ஷெட்டுக்குப் பின்னால். நான் விதைக் கிடங்கு ஒன்றில் வேலைக்கு வந்திருந்த புது ஆள். அறையில் பாதி எனக்கு, பாதி அவருக்கு என்று பேச்சு. அவருடைய பாதியில் ஆள் படுக்க இடமில்லை. சுவரோரம் முழுக்க மருந்து பாட்டில்கள், ஒவ்வொன்றிலும் ஒரு மண். கெலமங்கலம் ரோட்டுச் செம்மண், உத்தனப்பள்ளிக் கரிசல், மாவு மில் வாசலில் பெருக்கிய வெள்ளைத் தூசி, லாரிப் புகைக்குழாயில் சுரண்டிய கரி, ஷெட்டில் பழைய இரும்பை எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்து எடுத்த துரு. எங்கே போனாலும் குனிந்து ஒரு சிட்டிகை எடுத்து முடிந்துகொண்டு வருவார். வீட்டுக்காரர் அது செய்வினை என்று நம்பி வாடகை கேட்கவே பயந்தார்.

பக்கத்து அறையில் இருந்தவர் ஓசூர்–தர்மபுரி பஸ்ஸின் கண்டக்டர். வயிற்று வலிக்காரர். ஒருநாள் வலி தாங்காமல் எங்கள் அறைக்குள் வந்து, பாட்டில்களைப் பார்த்து நாட்டு மருந்து என்று நினைத்து, செங்கல் பொடியை ஒரு கரண்டி வெந்நீரில் கலக்கிக் குடித்துவிட்டார். நாங்கள் பதறிப்போய் அவரைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். சாயங்காலம் வலி போய்விட்டது. அதன் பிறகு அந்த மனிதர் வாராவாரம் கரண்டியோடு வந்து நின்றார். புழுதி சாருக்குத்தான் வருத்தம்: "இடிஞ்ச கோட்டைச் செங்கல்லுப்பா அது. எங்கிருந்து எடுத்து வந்தேன் தெரியுமா? நீ தின்னே தீர்த்துடுவே."

இவ்வளவு அழுக்கை நேசித்த மனிதருக்கு ஒன்று மட்டும் ஒவ்வாது. பஸ். டீசல் வாசனை மூக்கில் ஏறினால் போதும், வாந்தி எடுத்துவிடுவார். இது சிரிக்கிற விஷயமாகத்தான் எனக்கும் முதலில் தெரிந்தது. பிறகுதான் தெரிந்தது, அவர் வாழ்க்கை முழுக்க அந்த வயிற்றில் மாட்டிக்கொண்டிருந்தது என்று.

அவர் மனைவி பாலக்கோட்டில் இருந்தார். பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே இட்லிக் கடை. கடையை விட்டு அந்தம்மா வரமாட்டார், ஸ்டுடியோ வேலையை விட்டு இவர் போகமாட்டார். அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, ஏனென்றால் அந்தக் காலத்தில் மொரப்பூரிலிருந்து தர்மபுரி, பாலக்கோடு, ராயக்கோட்டை வழியாக ஓசூருக்கு ஒரு சின்ன ரயில் ஓடியது. மாடு குறுக்கே வந்தால் ஒதுங்கி வழிவிடுகிற அளவுக்குச் சாதுவான ரயில். சனிக்கிழமை இவர் போவார், திங்கட்கிழமை திரும்புவார். யுத்தம் வந்தது. எங்கேயோ யாரோ அடித்துக்கொண்டதற்கு எங்கள் பக்கத்துத் தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். கட்டைகள், ஆணிகள், ஸ்டேஷன் கூரையின் ஓடுகள் வரை போயின. புழுதி சார் ஓசூரில் நின்றுவிட்டார்.

ஒரே ஒருமுறை பஸ்ஸில் ஏறிப் பார்த்திருக்கிறார். முன் வரிசையில் ஒரு புதுப்பெண், கூறைப்புடவையோடு. மேலே நான் சொல்ல வேண்டாம். ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் அவரை இறக்கிவிட்டு, அந்தக் கல்யாண கோஷ்டி சொன்ன வார்த்தைகள் அவர் காதைவிட்டுப் போகவே இல்லை. இனி ரயில் வந்தால்தான் போவது என்று அன்றைக்கு முடிவு செய்தார். பதினைந்து வருஷத்துக்கு மேல் அந்த முடிவில் நின்றார். நடந்தே போகலாமே சார் என்று ஒருநாள் கேட்டேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அந்த ரோட்டுலயா? ஒரே புழுதி தம்பி" என்றார்.

கண்டக்டர் தினமும் அந்தம்மா கடையில்தான் சாப்பிடுவார். இவரால் ஏற முடியாத பஸ் தினமும் போய் நிற்பது இவர் மனைவியின் கடை வாசலில். தட்டை நீட்டும்போது அந்தம்மா கேட்பாராம், "ரயிலு வருதாமா?" கண்டக்டர் ராத்திரி வந்து இவரிடம் கேட்பார். இவர், "வந்துகினே இருக்குதுன்னு சொல்லு" என்பார். மறுநாள் அது பாலக்கோட்டுக்குப் போகும். இப்படி ஒரு குடும்பம் வருஷக்கணக்கில் டிக்கெட் இல்லாமல் அந்த பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்தது.

இந்த நேரத்தில்தான் ரயில் கமிட்டி கிளம்பியது. தலைவர் கிருஷ்ணகிரி மாங்காய் மண்டிக்காரர். அவருக்கு ரயில் வேண்டியது மாங்காய்க்கு. ஊருக்கு வேண்டியது கௌரவத்துக்கு. மனுஷனுக்காக ரயில் கேட்டவர் அந்தக் கமிட்டியில் யாரும் இல்லை, கமிட்டியில் சேர்க்கப்படாத ஒருவரைத் தவிர. எல்லோரும் மதராஸுக்குப் போய் ஒரு பெரிய அதிகாரியைப் பார்த்து மனுக் கொடுப்பதென்று தீர்மானமாயிற்று. வெறும் கையோடு போகக்கூடாது, புது ஓசூர் ஸ்டேஷன் எப்படி இருக்க வேண்டும் என்று காட்டும் ஒரு படத்தோடு போக வேண்டும் என்றார் மண்டிக்காரர். அதற்கு அவரிடம் ஒரு சாமானும் இருந்தது.

பெங்களூர் கண்டோன்மென்ட்டில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் சீமைக்குத் திரும்பும்போது ஏலத்தில் அவர் ஒரு டிரங்குப் பெட்டி எடுத்திருந்தார். திறந்து பார்த்தால் உள்ளே துணிமணி இல்லை, அட்டைப் பெட்டிகள். மேலே ரயில்வே ஸ்டேஷன், சரக்குக் கொட்டகை, தண்ணீர்த் தொட்டி என்று வண்ணப் படங்கள். உள்ளே பிளாஸ்டிக், பிள்ளைகள் ஒட்டி விளையாடுகிற பொம்மைத் துண்டுகள். எங்களுக்கு அப்போது பிளாஸ்டிக் என்றால் சீப்பும் வளையலும்தான். இதில் கதவு, ஜன்னல், ஓட்டுக் கூரை, செங்கல் சுவர் எல்லாம் விரல் நகமளவுக்கு, ஒரே காம்பில் கொத்துக் கொத்தாகத் தொங்கின. மண்டிக்காரர் ஒரு கொத்தைத் தூக்கிப் பிடித்து எடை பார்ப்பதுபோல் ஆட்டி, "காய்ப்பு நல்லாத்தான் இருக்குது" என்றார்.

ஸ்டுடியோ மூலமாக அந்த டிரங்குப் பெட்டி புழுதி சாரிடம் வந்து சேர்ந்தது. ஒட்டி, வர்ணமடித்து, பளிச்சென்று ஆக்கிக் கொடுக்க வேண்டும் என்பது உத்தரவு. 'பளிச்சென்று' என்ற வார்த்தையை மண்டிக்காரர் அழுத்திச் சொன்னார். அந்த வார்த்தை காதில் விழாதவர் அந்த ஊரில் ஒருவர்தான்.

எல்லாவற்றையும் ஒட்டி நிறுத்தியதும் புழுதி சார் அதைப் பார்த்து ஒருநாள் முழுக்கச் சாப்பிடவில்லை. மெழுகு பூசின பொம்மை மாதிரி மினுமினுவென்று நின்றது ஸ்டேஷன். "சோப்பு மாதிரி இருக்குதே தம்பி. இதுல எவன் வந்து இறங்குவான்? வழுக்கி விழுந்துடுவான்." அடுத்த நாள் லாரி ஷெட்டில் பெயின்ட் கலக்குகிற தின்னரை வாங்கி வந்து மினுமினுப்பை எடுக்கிறேன் என்று சரக்குக் கொட்டகையின் மேல் தடவினார். பிளாஸ்டிக்கின் குணம் அவருக்குத் தெரியாது. கொட்டகை வெயிலில் வைத்த வெல்லக்கட்டி மாதிரி குழைந்து, ஒரு பக்கமாக உட்கார்ந்துவிட்டது. நான் தலையில் கைவைத்தேன். அவர் ஓரத்தில் கரி பூசி, "தீப்பிடிச்ச கொட்டகை. எல்லா ஸ்டேஷன்லயும் ஒண்ணு இருக்கும்" என்று தள்ளிவைத்தார்.

பிறகு நிதானமானார். உப்புத்தாளால் சுவரைத் தேய்த்து மினுமினுப்பைக் கொன்றார். கறுப்பு மையைத் தண்ணீரில் கரைத்து விட்டால் அது பிளாஸ்டிக்கில் நிற்காமல் முத்து முத்தாக உருண்டு ஓடியது. அதில் ஒரு சொட்டு சவுக்காரத் தண்ணீர் கலந்தார், மை பதவிசாகப் போய்ச் செங்கல் இடுக்குகளில் படுத்துக்கொண்டது. மேலாகத் துணியால் துடைத்தார். சுவருக்கு ஐம்பது வயசு கூடிவிட்டது. தூரிகையில் வர்ணத்தைத் தொட்டு, அநேகமாக எல்லாவற்றையும் பழந்துணியில் துடைத்துவிட்டு, மிச்சமிருக்கிற சாயத்தால் ஓட்டின் விளிம்பை மட்டும் தடவினார்; வெயில் பட்ட ஓடு வந்துவிட்டது. தண்ணீர்த் தொட்டியின் ஆணிகளுக்குக் கீழே துரு ஒழுகிய கோடு. குழாயடியில் பாசி. போர்டில் ஓசூர் என்று எழுதி, மேற்கு வெயில் படுகிற பக்கத்து எழுத்தை மட்டும் வெளுக்க வைத்தார். சிக்னல் கம்பிக்கு நேர் கீழே காக்கை எச்சம். வெற்றிலை துப்புகிற மூலை எது என்று ஒரு நாள் முழுக்க ஆலோசித்து, "பயணி துப்புறது இந்த மூலை, ஸ்டேஷன் மாஸ்டர் துப்புறது அந்த மூலை" என்று இரண்டு இடத்தில் வைத்தார்.

குடைக்கம்பியை நீட்டித் தண்டவாளம் போட்டு, துருவில் குளிப்பாட்டினார். ஜல்லிக்குக் கேழ்வரகைச் சாம்பலில் புரட்டிப் பரப்பினார். இரண்டு நாள் அற்புதமாக இருந்தது. மூன்றாம் நாள் எறும்பு சாரிசாரியாக வந்து ஜல்லியைத் தூக்கிக்கொண்டு சுவர் இடுக்கில் போய்ச் சேர்ந்தது. புழுதி சார் விரட்டவில்லை. இடுப்பில் கைவைத்து நின்று பார்த்துவிட்டு, "இந்த ஊர்ல ரயில் பாதை போட்டா யாராச்சும் பிடுங்கிக்கிட்டுத்தான் போவாங்க" என்றார். பிறகு மணலைச் சலித்துப் போட்டார்.

எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்தேன். அவர் பிளாட்பாரத்து பெஞ்சுக்குப் பின்னால் இருந்த சுவரை முறைத்துக்கொண்டிருந்தார். தன் தலையில் விரலை வைத்து, அந்த எண்ணெயைத் தொட்டு, ஊசிமுனைத் தூரிகையால் சுவரில் வட்டமாக ஒரு கறை வைத்தார்.

"இது என்ன சார்?"

"காத்துகினு இருக்கிறவன் தலை சாய்ச்ச எடம். தலையெண்ணெய் படாத சுவரு ஸ்டேஷன் சுவரா?"

அந்தக் கறைக்குப் பக்கத்தில், கொஞ்சம் தாழ்வாக, இன்னொன்று வைத்தார். நான் அது யார் என்று கேட்டேன். தூரிகையைத் துடைத்துக்கொண்டே, "அவ கொஞ்சம் குள்ளம்" என்றார்.

மண்டிக்காரரும் கமிட்டியும் வந்து பார்த்தார்கள். மறுநாள் காலை மதராஸுக்கு பஸ்.

"யோவ், நாம கேக்கப்போறது புது ஸ்டேஷன். நீ இடிஞ்ச ஸ்டேஷனைக் கட்டி வச்சிருக்கே."

"இடியலைங்க. பொழங்கியிருக்குது."

"இன்னும் வரவே இல்லையேய்யா, எப்படிப் பொழங்கும்?"

"வரும்ல? வந்தா இப்படித்தான இருக்கும்?"

மண்டிக்காரர் சுவரை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்; கறை போகவில்லை. கழுவ நேரமும் இல்லை. ஸ்டுடியோக்காரர் காமிராவைத் தூக்கிக்கொண்டு, ஊருக்கு வெளியே மைதானத்தில் அந்த ஸ்டேஷனைத் தரையில் வைத்து, தானும் தரையோடு தரையாகப் படுத்து, பின்னால் கோயில் மலை தெரியும்படி எடுத்தார். படம் கழுவி வந்தது. அந்தப் படத்தில் பிளாஸ்டிக் இல்லை. வெயில் காய்கிற ஒரு நிஜ ஸ்டேஷன் இருந்தது. காது கொடுத்தால் மணியடிக்கும்போல இருந்தது. திட்டிய வாய்தான் முதலில் மாறியது. இதையே பெரிசு பண்ணு, இதைப் பார்த்தால் அந்த ஆள் அசந்துபோவான் என்று மண்டிக்காரர் சொன்னார். இதை நான் இங்கே எழுதிவைக்கிறேன், ஏனென்றால் பின்னால் அந்த ஊரில் ஒருவருக்கும் இது ஞாபகம் இருக்கவில்லை.

மதராஸில் நடந்ததைத் திரும்பி வந்த கமிட்டிக்காரர்கள் ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். சாரம் ஒன்றுதான். அதிகாரி மனுவைப் படிக்கவில்லை, படத்தைப் பார்த்தார். அசந்துபோகவும் செய்தார். இவ்வளவு நல்ல கட்டுமானத்தை இப்படியா அழுக்காக வைத்திருப்பது, உங்களுக்கு ஸ்டேஷன் இருக்கிறது, தேவை வெள்ளையடிப்பு, அதற்கு எழுதுகிறேன் என்றார். மண்டிக்காரர் பதறி, ஐயா அது பிளாஸ்டிக், பொம்மை என்றார். அதிகாரியின் முகம் மாறியது. பொம்மையைப் படமெடுத்து வந்து என்னை ஏமாற்றப் பார்த்தீர்களா என்று எழுந்துவிட்டார். கதவு சாத்தப்பட்டது. படம் மட்டும் மேஜை மேலேயே தங்கிவிட்டது.

ரயில் வராததற்கு ஆயிரம் காரணம் இருந்திருக்கும். படமே கொண்டுபோகாத ஊர்களுக்கும் அந்த வருஷம் ரயில் வரவில்லை. ஆனால் ஆயிரம் காரணத்தை ஒரு ஊரால் நிற்கவைத்துத் திட்ட முடியாது. ஒரு மனிதனைத் திட்ட முடியும். டீக்கடையில் அவர் வந்தால் பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்தார்கள், உட்கார்ந்தால் தூசி ஒட்டும் என்று. ஸ்டுடியோக்காரர் இந்தமுறை வேலையைவிட்டு நீக்கியபோது மறுநாள் கூப்பிட வரவில்லை. கண்டக்டர் அன்றிரவு வழக்கம்போல் வந்து, அக்கா கேட்டாங்க, ரயிலு வருதாமா என்றார். புழுதி சார் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பதில் போகாத முதல் நாள் அது.

கதை அதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன். சில மாதம் கழித்து, தர்மபுரி பஸ்ஸிலிருந்து ஒரு ஆள் சுண்ணாம்பு வாளியும், ஈச்சமட்டையும், ஏணியுமாக இறங்கினான். ஓசூர் ஸ்டேஷனுக்கு வெள்ளையடிக்க உத்தரவு, ஸ்டேஷன் எந்தப் பக்கம் என்று கேட்டான். எங்கோ ஒரு மேஜையில் தங்கிப்போன படம் தன் கடமையைச் செய்திருந்தது.

டீக்கடையில் மண்டிக்காரர் இருந்தார். முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் அவர் சிரித்த சிரிப்பு எனக்கு இன்றைக்கும் பிடிக்கவில்லை. ஆளை அனுப்பி, எங்கள் அறையிலிருந்து அந்த ஸ்டேஷனை எடுத்துவரச் சொல்லி, கடை பெஞ்சின் மேல் நடுரோட்டைப் பார்க்க வைத்தார். புழுதி சார் பின்னாலேயே வந்தார். கூட்டம் சேர்ந்துவிட்டது.

"இதான்யா ஓசூர் ஸ்டேஷன். உத்தரவு உத்தரவுதானே? அடி."

வெள்ளையடிக்க வந்தவன் தன் மட்டையைப் பார்த்தான், ஸ்டேஷனைப் பார்த்தான். ஸ்டேஷனைவிட மட்டை பெரிசு. அவன் நல்லவன், கூட்டத்தில் யார் இதைச் செய்தவர் என்று எப்படியோ கண்டுபிடித்து, புழுதி சாரைப் பார்த்து, "எத்தனை பூச்சு சாமி?" என்று கேட்டான்.

"ஒண்ணு போதும்ப்பா" என்றார் புழுதி சார்.

ஒரு இழுப்புத்தான். பாசி, துரு, காக்கை எச்சம், மேற்கு வெயில், இரண்டு வெற்றிலை மூலைகள், உயரமாக ஒரு கறை, தாழ்வாக ஒரு கறை, எல்லாம் ஒரே வெள்ளை. ஊர் கைதட்டிச் சிரித்தது. நான் அவர் முகத்தைப் பார்க்கப் பயந்து கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் மேலும் சுண்ணாம்பு தெறித்திருந்தது. அவர் ஸ்டேஷனைக் குழந்தையை எடுப்பதுபோல இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு, அறை வாசல் வரை வந்து, உள்ளே நுழையும்போது சொன்னார்:

"இருக்கட்டும் தம்பி. இதுவும் பழசாகும்."

மறுநாள் காலை புழுதி சார் பஸ் ஏறினார். கையில் ஒரு எலுமிச்சம்பழம், மடியில் வாந்திக்கு ஒரு தகர டப்பா. பாட்டில்களையும் ஸ்டேஷனையும் என்னிடம் விட்டுவிட்டார். கண்டக்டர் ஜன்னலோர இடம் பிடித்துக்கொடுத்து, முன் வரிசையில் புதுப்பெண் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டார். மீதி கண்டக்டர் சொல்லக் கேட்டது. உத்தனப்பள்ளியில் இவர் இறங்கி, புளியமரத்தடியில் படுத்து, சாயங்கால பஸ்ஸில் ஏறி, ராயக்கோட்டையில் மறுபடி இறங்கி, அங்கேயே தங்கிவிட்டார்; மறுநாள் அதே கண்டக்டர் அவரை அதே பஸ்ஸில் பொறுக்கி எடுத்துக்கொண்டு பாலக்கோட்டில் இறக்கினார். தவணை முறையில் மனைவியிடம் போய்ச் சேர்ந்தவர் அவர் ஒருவராகத்தான் இருக்கும்.

அந்தம்மா தட்டில் சட்னி ஊற்றிக்கொண்டிருந்தாராம். நிமிர்ந்து பார்த்து, கரண்டியைக் கீழே வைக்காமல், "ரயிலு வந்துடுச்சா?" என்று கேட்டார். இல்லக்கா, நம்ம பஸ்ஸுலதான் என்றார் கண்டக்டர். அந்தம்மா ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து இவருக்கு வாய் கொப்பளிக்கக் கொடுத்தார். கொப்பளித்து முடிக்கும்வரை நின்றார். பிறகு கேட்டார்:

"பஸ்ஸுல வர முடியும்னா, இத்தனை வருஷம் ஏன் வரலை?"

பஸ் ஆட்கள் எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள் என்றார் கண்டக்டர். எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிற மனிதர் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, எச்சில் தட்டுகள் குவிந்திருந்த தொட்டியண்டை போய் உட்கார்ந்து கழுவ ஆரம்பித்தார். புழுதி சார் எதையாவது சுத்தம் செய்தார் என்று நான் கேள்விப்பட்டது அப்போதுதான். அந்தம்மா அவருக்குச் சோறு போட்டார். பேசவில்லை. ஒரு மாங்காய்க் காலம் போய் இன்னொரு மாங்காய்க் காலம் வரும்வரை பேசவில்லை.

நான் ஸ்டேஷனைக் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினேன். அது அடுப்புக்கு மேலே இருந்த பலகையில் உட்கார்ந்துகொண்டது. பிளாஸ்டிக்கில் சுண்ணாம்பு எத்தனை நாள் ஒட்டும்? செதில் செதிலாக உதிர்ந்தது. உதிர்ந்த இடத்தில் பழைய அழுக்கு எட்டிப்பார்த்தது, அதன் மேல் அடுப்புப் புகை ஏறியது, தாளிக்கிற எண்ணெய் தெறித்தது. புழுதி சாரே நினைத்தாலும் செய்ய முடியாத வேலையை அந்தக் கடை செய்துகொண்டிருந்தது. கண்டக்டர் ஒருநாள் வந்து ஒரு சேதி சொன்னார். அக்கா கடையில் பலகை, டப்பா, படம் எல்லாவற்றையும் தினம் துடைக்கிறாளாம்; அந்த ஸ்டேஷனை மட்டும் துடைக்கமாட்டேன் என்கிறாளாம். ஏனென்று கேட்டால் முறைக்கிறாளாம்.

இவ்வளவுதான் எனக்குக் கிடைத்த நல்ல சேதி. பிறகு எனக்கு மாற்றல் வந்தது. அந்தக் கோட்டு ஆணியிலேயே மாட்டியிருக்கிறது, போட்டுக்கொள்ள ஆள் இல்லை என்று கண்டக்டர் ஒரு கல்யாணத்தில் பார்த்தபோது சொன்னார். அவர்கள் இருவரும் கடைசியில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று அவருக்கும் தெரியாது.

ஓசூருக்கு ரயில் வந்தது. அவர் காலமான பிறகுதான் வந்தது. திறப்பு விழாவுக்கு அழைப்பு இல்லாமலே நான் போனேன். புது ஸ்டேஷன், சுவரெல்லாம் கண் கூசுகிற வெள்ளை. ஒரு கறை இல்லை, துப்பல் இல்லை, காக்கைகூட இன்னும் இடம் பார்த்து வைக்கவில்லை. அவர் பார்த்திருந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பார். எனக்கு எந்த ரயிலும் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. பிளாட்பாரத்து பெஞ்சில், பக்கத்தில் ஒரு குள்ளமான ஆள் உட்கார இடம் விட்டு உட்கார்ந்தேன். அன்றைக்கு நான் தலைக்கு எண்ணெய் கொஞ்சம் அதிகமாகவே வைத்துக்கொண்டு வந்திருந்தேன். சுவரில் நன்றாகச் சாய்ந்துகொண்டேன்.